ஒரே கட்டில் இரண்டு ஏடுகள்

சிற்றிதழ்களைப் பக்கம் பக்கமாக வருடியில் இட்டுக் கணினியில் சேர்த்துவைக்கும் நண்பர்களிடம், இவற்றுக்கு நகல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் வருகிறது: “ரெய்ட் போட்டிருக்கிறோம்.” சொல்லும் குரலில் ஒரு நிம்மதி இருக்கும். இரண்டு வன்தட்டுகள், இரண்டிலும் ஒரே சமயத்தில் ஒன்றே எழுதப்படுகிறது, ஒன்று போனால் மற்றொன்று இருக்கிறது, இதற்குமேல் என்ன வேண்டும்? அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது என்பதே எங்கள் கருத்து. மேசைக் கணினியின் தாய்ப்பலகையோடு செலவில்லாமல் வந்து சேரும் ரெய்ட் வசதி, ஒரு சேகரிப்பைப் பாதுகாக்க நினைப்பவருக்குத் தரும் உதவியைவிட உண்டாக்கும் மயக்கம் பெரிது. அது பழுதாகி நிற்கும் நாளில் நாம் பதறிப்போய்ச் செய்யும் காரியங்கள், வன்தட்டு செய்திருக்கக்கூடிய கேட்டைக் காட்டிலும் பெரிய கேட்டைச் செய்துவிடுகின்றன.

கவிதையும் கதையும் பேசும் இடத்தில் வன்தட்டுப் புராணம் எதற்கு என்று வாசக நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பிரதியைக் காப்பது என்பது இலக்கியத்தின் புறவேலை அன்று. இருபது ஆண்டுகளாக மறுபதிப்புக் காணாத ஓர் இதழ்த் தொகுதி யாரோ ஒருவருடைய படுக்கையறை மேசையின் கீழ், தூசி படிந்த கணினிப் பெட்டிக்குள் மட்டுமே இருக்கிறது என்றால், அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது நம் அக்கறைக்குரிய செய்திதான்.

ரெய்ட் என்ற சொல் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1988-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெருங்கணினிகளுக்கென்று செய்யப்படும் விலையுயர்ந்த ஒற்றை வன்தட்டுக்குப் பதிலாக, தனிநபர் கணினிகளுக்கான மலிவான சிறு வன்தட்டுகள் பலவற்றை ஒன்றாகப் பூட்டி ஓட்டலாம் என்பது அவர்கள் வாதம். பல தட்டுகள் சேர்ந்தால் அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடுகிறது அல்லவா? அதை ஈடுசெய்யவே கூடுதல் பிரதி வேண்டும் என்றார்கள். ஒன்று முதல் ஐந்து வரை படிநிலைகள் வகுத்தார்கள். ரெய்ட் என்ற சுருக்கத்தின் ஓர் எழுத்து அவர்கள் கட்டுரையில் ‘மலிவான’ என்ற சொல்லைக் குறித்தது. வணிகர்கள் கைக்குப் போனபின் அது ‘தனித்தனியான’ என்று மாறிவிட்டது. மலிவு என்று எழுதிக்கொண்டு விலையுயர்ந்த சரக்கை விற்பது கடினம் என்பது காரணமாக இருந்திருக்கும் என்று நாங்கள் ஊகிக்கிறோம். எப்படியாயினும் அந்த மூவருடைய நோக்கம் வேகமும், ஒரு தட்டு போனாலும் வேலை நின்றுவிடாமல் ஓடுவதும். நூற்றாண்டுக் காலப் பாதுகாப்பு அவர்கள் கவலை அன்று.

மேசைக் கணினிக்கு இந்த வசதி பரவலாக இறங்கியது இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில். 2003-இல் வந்த இன்டெல்லின் ஐசிஎச்5ஆர் போன்ற சில்லுகள் தாய்ப்பலகையிலேயே இதைக் கொண்டுவந்தன. அட்டைப்பெட்டியின்மேல் ‘ரெய்ட் உண்டு’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருந்தது, பெரிய நிறுவனங்கள் வாங்கும் தனிச் செயலியும் பேட்டரி ஆதரவு பெற்ற நினைவகமும் உடைய ரெய்ட் அட்டை அன்று. கணினி எழும்போது பயாஸில் ஓடும் ஒரு சிறு நிரல், எழுந்தபின் இயங்குதளத்தில் ஓடும் ஓர் இயக்கி, இவ்விரண்டும் ஒத்துப்போவதற்காக ஒவ்வொரு தட்டின் கடைசிப் பகுதியிலும் எழுதிவைக்கப்படும் ஒரு சிறு குறிப்பு, அவ்வளவே. உண்மையான வேலை முழுவதையும் கணினியின் மையச் செயலியே செய்கிறது. லினக்ஸ் உலகத்தார் இதைப் ‘போலி ரெய்ட்’ என்று சற்றுக் கடுமையாகவே அழைத்தார்கள். போலி என்பது மிகை. ஆனால் அதன் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அறிந்துகொள்ள அந்தச் சொல் உதவுகிறது. பயாஸில் உள்ள ஒற்றைத் தேர்வு மாறினால் அந்த ஏற்பாடு முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும். தட்டுகள் அங்கேயே இருக்கும், எழுத்துகளும் இருக்கும், ‘நாங்கள் இருவரும் ஒரு ஜோடி’ என்ற அறிவு மட்டும் போய்விடும்.

ஓலைச்சுவடிக் காலத்து வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏட்டைப் பெயர்த்தெழுதி வேறோர் ஊரில், வேறொரு மடத்தில், வேறொரு குடும்பத்தில் வைத்தார்கள். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல இடத்து ஏடுகளை ஒப்புநோக்க முடிந்தது, அவை பல இடங்களில் இருந்தமையால்தான். ஓரிடத்துக் கறையான் இன்னோரிடத்து ஏட்டைத் தொடவில்லை. ஓரிடத்து எழுத்தாளர் செய்த பிழை இன்னோரிடத்துக்குத் தாவவில்லை. தாய்ப்பலகை ரெய்ட் செய்வது என்ன? ஒரே கட்டில், ஒரே கயிற்றில், இரண்டு ஏடுகளைச் சேர்த்துக் கட்டி ஒரே பரணில் வைக்கிறது. ஓர் ஓலை தானாக முறிந்தால் மற்றது உதவும், மெய்தான். மின்வழங்கி வெடித்தால், பெட்டி திருடு போனால், வெள்ளம் புகுந்தால் இரண்டும் போகும். தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அந்த அழிப்பும் அதே நொடியில் இரண்டு தட்டிலும் பதிவாகும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை நகல் என்று யாரும் சொல்வதில்லை.

நாங்கள் அறிந்த ஒரு நிகழ்வைச் சொல்லியாக வேண்டும். நண்பர் ஒருவர், பழைய சிற்றிதழ்களின் பதினோராயிரத்துச் சொச்சம் பக்கங்களை இரண்டு வன்தட்டு ரெய்ட்-1 அமைப்பில் வைத்திருந்தார். இயங்குதளம் தனியாக ஒரு சிறு என்விஎம்இ வட்டில் இருந்தது. நம் வீடுகளில் இரவு படுக்கப்போகும்போது சுவரில் உள்ள ஆளியையே அணைத்துவிடும் வழக்கம் உண்டு. அப்போது தாய்ப்பலகையின் கடிகாரத்தையும் பயாஸ் தேர்வுகளையும் தாங்கி நிற்பது நாணயம் போன்ற அந்தச் சிறு பேட்டரி மட்டுமே. அது ஒருநாள் தீர்ந்தது. கணினி எழுந்தபோது தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருந்தது. நண்பர் தேதியைத் திருத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவர் கண்ணில் படாதது: ரெய்ட் என்றிருந்த சாட்டா தேர்வும் தொழிற்சாலையில் வைத்த ஏஎச்சிஐ நிலைக்குத் திரும்பியிருந்தது. இயங்குதளத்துக்கு இப்போது ஒரே அடையாள எண்ணோடு இரண்டு தட்டுகள் தெரிந்தன. அப்படி நேர்ந்தால் விண்டோஸ் ஒன்றை ஏற்று மற்றொன்றை ஓரங்கட்டிவிடும். டி என்ற எழுத்தின்கீழ் எல்லாக் கோப்புகளும் வழக்கம்போல் தெரிந்தன. மூன்று வாரங்கள் அவர் புதிய பக்கங்களை ஏற்றினார். கோப்புறைகளை மாற்றி அடுக்கினார். எல்லாம் ஒரு தட்டில் மட்டுமே நடந்தது.

பிறகு கணினி வேறொரு காரணத்துக்காகக் கடைக்குப் போயிற்று. அங்கே ஒருவர் பயாஸைப் பார்த்து, இது ரெய்ட் அல்லவா என்று சரியாகவே ஊகித்து, தேர்வைப் பழையபடி மாற்றினார். இரண்டு தட்டுகளின் கடைசியிலும் இருந்த குறிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தன, ஏனெனில் இடைப்பட்ட மூன்று வாரங்களில் அந்தக் குறிப்பை யாரும் தொடவில்லை. ஆகவே திரையில் ‘நார்மல்’ என்று பச்சை எழுத்தில் வந்தது. ஜோடி சேர்ந்துவிட்டது, ஆனால் இரண்டு தட்டுகளிலும் இருந்த எழுத்துகள் வேறுவேறு. வாசிக்கும்போது இயக்கி ஒரு துண்டை இதிலிருந்தும் அடுத்த துண்டை அதிலிருந்தும் எடுக்கும். கோப்புப் பட்டியல் ஒரு தட்டின் கூற்று, உள்ளடக்கம் மற்றதன் கூற்று. சில கோப்புறைகள் திறக்கவில்லை. விண்டோஸ் தன் வழக்கப்படி வட்டுச் சோதனை செய்யவா என்று கேட்டது. ‘ஆம்’ என்று அழுத்தினார்கள். அந்தச் சோதனை நிரல், முரண்பட்ட இரண்டு சாட்சியங்களைக் கலந்து கேட்டு ஒரு தீர்ப்பு எழுதி, அந்தத் தீர்ப்பை இரண்டு தட்டிலும் பதித்துவிட்டது.

பின்னர் மீட்பு மென்பொருள் கொண்டு பெரும்பாலான படங்களை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஃபோட்டோரெக் வகை மென்பொருள்கள் கோப்பின் உடலை அடையாளம் கண்டு எடுக்கின்றனவே தவிர, அதன் பெயரையும் அது இருந்த கோப்புறையையும் அறியா. எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்தன. எந்த இதழ், எந்த ஆண்டு, எத்தனையாவது பக்கம் என்பது இல்லை. பக்கத்தின் அடியில் இதழின் பெயரை அச்சிடும் பழக்கம் நம் சிற்றிதழ்களில் எத்தனைக்கு இருந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஒரு கதையின் நடுப்பக்கம் எந்தக் கதைக்குரியது என்று எழுத்துருவையும் காகிதக் கறையையும் வைத்து ஊகிக்கும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மூல இதழ்களில் ஒரு பகுதி இரவல் வாங்கியவை, திருப்பிக் கொடுத்தாயிற்று.

நடந்ததில் வன்தட்டு ஏதும் பழுதாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் இன்றும் நன்றாக ஓடுகின்றன. நேர்ந்தது பாடபேதம். பாடபேதத்தைத் தீர்க்க ஒரு பதிப்பாசிரியர் வேண்டும். ரெய்ட்-1 பதிப்பாசிரியர் அன்று. இரண்டே பிரதிகள் முரண்பட்டால் எது சரியென்று சொல்ல அதனிடம் எந்த அளவுகோலும் இல்லை. ‘சரிபார்த்துத் திருத்து’ என்ற கட்டளை கொடுத்தால், முதன்மை என்று தான் கருதும் தட்டில் உள்ளதை மற்றதன்மேல் எழுதிவிடும். பிழையான பாடம் முதன்மைத் தட்டில் இருந்தால் அதுவே நிலைபெறும். 2005-இல் ஓபன்சொலாரிஸ் வழி வெளிவந்த இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகள் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தனியே எழுதிவைத்து, எந்தப் பிரதி கெட்டது என்று தீர்மானிக்கின்றன. தாய்ப்பலகை ரெய்ட்டில் அந்த விவேகம் கிடையாது.

நிற்க. ரெய்ட் ஏற்கெனவே போட்டாயிற்று, இன்று காலை திரையில் ‘டிகிரேடட்’ என்று வருகிறது, என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குச் சில சொற்கள்.

முதலில் எதையும் சரிசெய்ய முயலக் கூடாது. திரையைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். ‘டிகிரேடட்’ என்றால் ஒரு தட்டு விலகிவிட்டது, மற்றது தாங்கி நிற்கிறது என்று பொருள். ‘ஃபெயில்டு’ என்றால் தொகுப்பு முழுவதுமே திறக்க முடியாத நிலையில் இருக்கிறது. ரெய்ட்-0 வைத்திருப்பவர்கள் ஒரு கேபிள் கழன்றாலே இதைப் பார்ப்பார்கள், அதற்குள் அழ வேண்டியதில்லை. இன்டெல் பலகைகளில் கன்ட்ரோல் விசையோடு ஐ விசையை அழுத்தினால் வரும் பழைய திரையிலோ, இப்போதைய யுஇஎஃப்ஐ அமைப்புப் பக்கத்திலோ ஒவ்வொரு தட்டின் தொடர் எண்ணும் அதன் நிலையும் இருக்கும். அதே திரையில், தொகுப்பை அழி, தட்டுகளைச் சாதாரணத் தட்டாக்கு, புதிய தொகுப்பை உருவாக்கு என்ற வரிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இவற்றை உருவாக்கியவர்கள் இப்படி ஏன் அடுக்கினார்கள் என்பது எங்களுக்கு விளங்கியதே இல்லை. மருந்தையும் நஞ்சையும் ஒரே நிறக் குப்பியில் வைத்தது போல. அந்த வரிகளைத் தொட வேண்டாம். இயங்குதளம் எழுந்துவிட்டால் அது ‘இந்தத் தட்டைத் தயார்செய்யவா’, ‘வடிவமைக்கவா’, ‘சோதிக்கவா’ என்று பணிவோடு கேட்கும். மூன்றுக்கும் வேண்டாம் என்பதே விடை.

தொகுப்பே காணோம் என்றால் முதல் ஐயம் பயாஸ் தேர்வின்மேல் விழ வேண்டும். பேட்டரி தீர்ந்ததா, யாரேனும் பயாஸைப் புதுப்பித்தார்களா, தொழிற்சாலை நிலைக்கு மாற்றினார்களா என்று பார்க்க வேண்டும். தேதி பின்னுக்குப் போயிருந்தால் அது நல்ல சாட்சி. மாறிய நிலையில் இயங்குதளம் இன்னும் ஒருமுறைகூட எழவில்லை என்றால் தேர்வைத் திருப்பிவைத்தால் போதும். எழுந்து வேலையும் நடந்திருந்தால், திருப்பிவைப்பதற்கு முன் கணினியை அணைத்து இரண்டு தட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட வேண்டும். எங்கள் நண்பருக்காக யாரேனும் இந்த ஒன்றைச் செய்திருந்தால், ஒரு தட்டில் மூன்று வாரத்துக்கு முந்தைய சேகரிப்பு முழுமையாகவும் மற்றதில் புதிய சேகரிப்பு முழுமையாகவும் இருந்திருக்கும்.

அடுத்தது கேபிள். அற்பமாகத் தோன்றும், ஆனால் ‘தட்டு போய்விட்டது’ என்று தூக்கியெறியப்படுவனவற்றுள் கேபிளின் குற்றம் கணிசம். தொடக்க கால சாட்டா கேபிள்களில் கொக்கி இல்லை. பெட்டியை நகர்த்தினாலே நெகிழும். தட்டு தன்னைப் பற்றி எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளை எந்த இலவச மென்பொருளைக் கொண்டும் படிக்கலாம். அதில் 199 என்ற எண்ணுள்ள வரி கூடிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். 5, 197, 198 ஆகிய வரிகளில் எண்கள் ஏறினால் தட்டின் மேற்பரப்பே நலிகிறது. அதை இனி நம்ப வேண்டாம். கேபிளை மாற்றும்போது எந்தத் தட்டு எந்த வாயிலில் இருந்தது என்று குறித்துக்கொள்வது நல்லது. பல பலகைகளில் முதன்மைச் சில்லின் வாயில்களோடு, வேறொரு நிறுவனத்தின் துணைச் சில்லுக்குரிய வாயில்களும் அதே நிறத்தில் இருக்கும். அங்கே செருகப்பட்ட தட்டை ரெய்ட் அறியாது. புதிதாக எம்.2 வட்டு வாங்கிப் பொருத்தியவுடன் ரெய்ட் முறிந்தது என்று சொல்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, பலகையின் கையேட்டைப் படித்தீர்களா என்பதே. பல பலகைகளில் அந்தச் செருகி பயன்பாட்டுக்கு வந்தால் சாட்டா வாயில் ஒன்றோ இரண்டோ தானாகவே அணைந்துவிடும்.

வாயிலே கெட்டுப்போவதும் உண்டு. 2011 ஜனவரி இறுதியில் இன்டெல் தன் ஆறாம் வரிசைச் சில்லுகளில் வடிவமைப்புப் பிழை இருப்பதை அறிவித்தது. நான்கு சாட்டா வாயில்கள் காலப்போக்கில் நலிவடையக்கூடும் என்று சொல்லி அவற்றை மாற்றிக்கொடுத்தது. அதற்கு ஆகும் செலவை ஏறத்தாழ 70 கோடி டாலர் என்று அது மதிப்பிட்டது. அந்தத் தலைமுறையில் ரெய்ட் தட்டு விலகினால் தட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் எந்த வாயில் என்று பார்க்க வேண்டியிருந்தது.

தட்டு நலமாகவே இருந்து விலக்கப்படுவது இன்னொரு வகை. சாதாரண மேசைத் தட்டு, படிக்க முடியாத ஒரு பகுதியைச் சந்தித்தால் ஒரு நிமிடத்துக்கு மேலும் விடாமல் முயலும். தனியாக இருக்கும் தட்டுக்கு அது நற்குணம். ரெய்ட்டில் மேலே இருப்பவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பதில் வராத தட்டை இறந்ததாகக் கருதி நீக்கிவிடுவார். இதற்காகவே நிறுவனங்களுக்கான தட்டுகளில் ஏறத்தாழ ஏழு விநாடியில் முயற்சியைக் கைவிடும் ஏற்பாடு இருக்கிறது. சில தட்டுகளில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற நிரலால் இதை நாமே மாற்றலாம். பலவற்றில் தயாரிப்பாளர்கள் பூட்டிவைத்துவிட்டார்கள். 2020-இல், ரெய்ட்டுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசைத் தட்டுகள் சிலவற்றில், ஓடு வேய்ந்தாற்போல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவிடும் எஸ்எம்ஆர் முறை பயன்படுத்தப்பட்டது வெளியே தெரியவந்து பெரிய சர்ச்சையாயிற்று. அம்முறையில் தொடர்ச்சியான எழுத்துச் சுமை வரும்போது தட்டு மிகவும் மந்தமாகும். அதாவது, ரெய்ட்டை மறுகட்டமைக்கும் அந்த நெருக்கடியான வேளையில்.

மறுகட்டமைப்பு என்ற சொல்லுக்கு வந்துவிட்டோம். புதிய தட்டைச் செருகி ‘ரீபில்டு’ என்று அழுத்தினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். எஞ்சியிருக்கும் ஒரே தட்டை முதல் தடத்திலிருந்து கடைசித் தடம் வரை இடைவிடாமல் பல மணிநேரம் படிக்கச் சொல்கிறோம் என்பதே அதன் பொருள். அந்தத் தட்டு பெரும்பாலும் இறந்த தட்டோடு அதே நாளில் அதே கடையில் வாங்கியது. அதே வெப்பத்தில் அதே எண்ணிக்கை மணிநேரம் ஓடியது. மேசைத் தட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் உத்தரவாதம், 10-இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒன்றுக்குமேல் படிக்கமுடியாத பிழை வராது என்பது; கணக்கிட்டால் ஏறத்தாழ 12.5 டெராபைட். நடைமுறையில் தட்டுகள் இதைவிட நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் ஒரே பிரதியாக எஞ்சிய ஏட்டை முதலில் பெயர்த்தெழுதாமல் தேருலா விடுவது முறையன்று. மறுகட்டமைப்புக்கு முன், வெளித் தட்டு ஒன்றை வாங்கி முக்கியமானவற்றை அதில் பிரதி எடுக்க வேண்டும். எஞ்சிய தட்டும் தடுமாறினால் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால், கெட்ட பகுதிகளைத் தாண்டி நல்லதை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு கெட்டதற்குத் திரும்பும் முறையில், முழுப் பிம்பம் எடுக்க வேண்டும். வெளித் தட்டின் விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள், ஒரு பக்கம் வருட எத்தனை விநாடி ஆயிற்று என்று பெருக்கிப் பார்க்கட்டும்.

தாய்ப்பலகையே செத்துப்போனால்? ரெய்ட்-1 வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. இன்டெல் முறையில் அந்தக் குறிப்பு தட்டின் கடைசியில் இருப்பதால், தட்டின் தொடக்கம் சாதாரணத் தட்டின் தொடக்கத்தைப் போலவே இருக்கும். ஒன்றைக் கழற்றி லினக்ஸ் ஓடும் எந்தக் கணினியிலும் ‘வாசிக்க மட்டும்’ என்ற கட்டுப்பாட்டோடு இணைத்தால் கோப்புகள் தெரியும். அந்தக் கட்டுப்பாடு முக்கியம். ஒருமுறை எழுதிவிட்டால் மீண்டும் பாடபேதம். ரெய்ட்-0, ரெய்ட்-5 வைத்திருந்தவர்களுக்கு இந்த எளிமை இல்லை. இன்டெல்லிலிருந்து இன்டெல்லுக்குப் பெரும்பாலும் மாற்றலாம். லினக்ஸின் எம்டிஏடிஎம் நிரலும் அந்தக் குறிப்பைப் படிக்கும். என்விடியாவின் என்ஃபோர்ஸ் பலகைகளில் ரெய்ட் போட்டவர்கள், அந்நிறுவனம் அத்தொழிலையே விட்டுவிட்டபின் பழைய பலகைகளைத் தேடி அலைந்தார்கள். டிஎம்ரெய்ட் என்ற நிரல் அவர்களுள் சிலருக்குக் கைகொடுத்தது. ரெய்ட்-0 என்பது மூல மூவர் வகுத்த படிநிலைகளில் இடம்பெறாதது; அதில் மிகைப்பிரதியே இல்லை. சேகரிப்பை அதில் வைத்தவரிடம் பேச எங்களுக்கு ஒன்றுமில்லை.

எதிர்த்தரப்பில் சொல்லக்கூடியதையும் கேட்டிருக்கிறோம். இதழ் அச்சுக்குப் போகும் இரவில் தட்டு ஒன்று மடிந்தும், மெய்ப்பு வேலை ஒரு நிமிடமும் நிற்காமல் நடந்தது என்று ஆசிரிய நண்பர் ஒருவர் சொன்னார். ஒப்புக்கொள்கிறோம். ரெய்ட் பிறந்ததே அதற்குத்தான். வங்கியின் முகப்புக்கும் அச்சுக்கூடத்தின் கடைசி இரவுக்கும் அது ஏற்றது. ஆனால் ஒரு சேகரிப்பாளரின் மேசையில் இரண்டு நாள் கணினி ஓடாவிட்டால் என்ன குடிமுழுகிப்போகும்? அவருக்கு வேண்டியது ஓயாத ஓட்டம் அன்று, திரும்பக் கிடைத்தல். இரண்டையும் ஒரே சொல்லால் விற்கிறார்கள் என்பதே எங்கள் குறை.

கடைகளைப் பற்றியும் ஒரு சொல். பழுதுபார்ப்பவர்களில் திறமையானவர்கள் உண்டு. ஆயினும் அவர்களுடைய வேலை கணினியை ஓடச்செய்து அனுப்புவது. உள்ளே இருப்பது யாருடைய கையெழுத்துப் பிரதி என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. ‘ஃபார்மட் போட்டுவிடலாமா சார்’ என்ற கேள்விக்குப் பின்னால் தீய எண்ணம் ஏதுமில்லை. ஆகவே தட்டுகளைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கடைக்கு அனுப்பலாம். நான்கு திருகாணிகள்தாம். புதிய கணினிகளில் இன்னொரு வேடிக்கையும் சேர்ந்திருக்கிறது: இன்டெல்லின் பதினோராம் தலைமுறைச் செயலிகள் தொடங்கிப் பல கணினிகளில் விஎம்டி என்ற தேர்வு முன்கூட்டியே இயக்கப்பட்டு வருகிறது. விண்டோஸை நிறுவப் போனால் தட்டே இல்லை என்று சொல்லும். இயக்கியை யுஎஸ்பி வழியாக ஊட்ட வேண்டும். எக்ஸ்பி காலத்தில் எஃப்6 விசையை அழுத்தி நெகிழ்வட்டைத் தேடியவர்களுக்கு இது பழகிய துன்பம். அதைச் சரிசெய்கிறேன் என்று ஒருவர் அந்தத் தேர்வை அணைத்துவிட்டால், ரெய்ட் வைத்திருந்தவருடைய தொகுப்பு மீண்டும் கண்மறையும்.

எங்கள் குழுவில் இப்போது செய்துவருவது எளியது. இரண்டு தட்டுகளையும் ரெய்ட்டிலிருந்து விடுவித்துவிட்டோம்; அதற்கு முன் இரண்டின் உள்ளடக்கமும் மூன்றாவது ஒரு தட்டில் பிரதியெடுக்கப்பட்டது. ஒன்றில் வேலை நடக்கிறது. இரண்டாவதற்கு வாரம் ஒருமுறை, மாறியவை மட்டும் பிரதியாகின்றன. அழித்தவை உடனே அழியாமல் மூன்று மாதம் ஒரு தனிக் கோப்புறையில் கிடக்கின்றன. மூன்றாவது தட்டு வேறோர் ஊரில், கணினியில் ஆர்வமே இல்லாத ஒரு நண்பரின் பீரோவில், துணிகளுக்கு நடுவே இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அவர் வரும்போது கொண்டுவருகிறார். கோப்புப் பெயரிலேயே இதழின் பெயர், ஆண்டு, மாதம், பக்க எண் இருக்க வேண்டும் என்பது விதி. அதோடு, பெயர்களை இழந்தாலும் மீட்கலாம் என்பதற்காக, ஒவ்வோர் இதழின் பக்கங்களும் ஒற்றைப் பிடிஎஃப் கோப்பாகவும் கட்டப்படுகின்றன. இன்னமும் ரெய்ட் வைத்திருக்கும் இரு நண்பர்களின் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தட்டுகளின் தொடர் எண்கள், வாயில் எண்கள், ரெய்ட்டின் வகை, பயாஸ் தேர்வின் பெயர், பேட்டரி மாற்றிய தேதி ஆகியவை அதில் உள்ளன. அடியில் சிவப்பு மையில், “எதையும் அழுத்துமுன் ஒரு தட்டைக் கழற்றவும்” என்று எழுதியிருக்கிறோம்.